கோடரியின் பெருமை
(பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கி.மு. 701ஆம் ஆண்டு. எருசலேம் மதிலுக்கு வெளியே, வண்ணார் துறைக்குப் போகும் வழியில், மேல்குளத்து வாய்க்கால் ஓரமாக ஓர் அசீரிய அதிகாரி வந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் பெரும்படை. விவிலியம் அவனை ரப்சாக்கே என்கிறது. அது பெயரன்று, பதவி. யூதாவின் அரசன் எசேக்கியா பேச்சுக்கு மூன்று அலுவலர்களை அனுப்புகிறான். மதில்மேல் ஊர் மக்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரப்சாக்கே தன் நாட்டு மொழியில் பேசவில்லை. அன்று அரசாங்கங்களுக்கு இடையே புழங்கிய அரமாயிக்கிலும் பேசவில்லை. மதில்மேல் இருந்த தச்சனுக்கும் குடம் சுமப்பவளுக்கும் புரியும்படி, உள்ளூர் யூதேய மொழியில் பேசினான். அலுவலர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஐயா, அரமாயிக்கில் பேசுங்கள், எங்களுக்குப் புரியும், ஜனங்கள் காதில் விழ வேண்டாம்' என்று கெஞ்சினார்கள். ஜனங்களுக்காகத்தானே பேசுகிறேன் என்று அவன் குரலை இன்னும் உயர்த்தினான்.

நம் பாட்டன் பாட்டிமார் இந்த இடத்தில் தலையாட்டியிருப்பார்கள். தமிழ் பேசிய வெள்ளைக்காரத் துரைகளை அவர்கள் பார்த்தவர்கள். பால்மரத் தோட்டத்தில் பெரட்டுக் களத்துக்கு முன்னால் நின்று வேலை வாங்க வேண்டியவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கம்பெனிகள் நன்றாகவே உணர்ந்திருந்தன. ஆளப்படுகிறவனின் மொழியை ஆளுகிறவன் படிப்பது இலக்கியம் ரசிப்பதற்காக இருந்ததில்லை.

அவன் சொன்னவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எகிப்தை நம்பாதீர்கள், அது ஊன்றினால் கையைக் கிழிக்கும் ஒடிந்த நாணல் என்றான். அது உண்மைதான், எருசலேமின் தீர்க்கதரிசி ஏசாயாவும் அதையேதான் சொல்லிவந்தார். அடுத்து, சரணடையுங்கள், அவரவர் திராட்சையையும் அத்தியையும் தின்று அவரவர் கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருக்கலாம், பிறகு உங்கள் நாட்டைப் போலவே தானியமும் ரசமும் விளைகிற வேறொரு நாட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன் என்றான். நாடு கடத்துவதை இவ்வளவு இனிக்கச் சொன்னவர்கள் அதற்குப் பிறகும் வந்தார்கள். கங்காணியும் சொன்னான். சயாமுக்கு ஆள் சேர்த்த ஜப்பானியனும் சொன்னான்.

மூன்றாவதுதான் விஷம் தோய்ந்தது. உங்கள் கடவுள் சொல்லித்தான் இந்த நாட்டை அழிக்க வந்திருக்கிறேன் என்றான் ரப்சாக்கே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, இதே கருத்தை ஏசாயா அதற்கு முன்பே எருசலேம் தெருக்களில் சொல்லியிருந்தார் என்பது. அசீரியா என்பது கடவுள் கையில் இருக்கும் பிரம்பு என்று முதலில் சொன்னவர் அவர்தான். அப்படியானால் பேரரசின் தூதனுக்கும் கடவுளின் தூதனுக்கும் என்ன வேறுபாடு? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். பக்திச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வரலாறு படித்தவன்.

சுமார் முப்பத்து மூன்று ஆண்டுகள் பின்னால் போவோம். கி.மு. 734. அதே வண்ணார் துறை வழி, அதே மேல்குளத்து வாய்க்கால். விவிலியம் இரண்டு இடங்களிலும் ஒரே அடையாளத்தைக் கொடுக்கிறது. எழுதியவர் வேண்டுமென்றே செய்ததுதான் என்பது என் எண்ணம். அன்று அங்கே நின்றவன் எசேக்கியாவின் தந்தை ஆகாஸ். வடக்கே இருந்த இஸ்ரவேலும் சிரியாவும் கூட்டுச் சேர்ந்து அவன்மேல் படையெடுத்து வருகின்றன. ஏசாயா தம் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு அவனைப் பார்க்க வருகிறார். பதறாதே, இந்த இரண்டு அரசுகளும் புகைந்து அணையப்போகும் கொள்ளிக்கட்டைகள் என்கிறார். ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் வழித்தெடுத்து, அசீரியாவின் மூன்றாம் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, தன்னை அவனுடைய அடிமையாகவும் மகனாகவும் எழுதிக்கொடுத்தான். பூனையை விரட்டப் புலியைக் கூப்பிட்ட கதை.

ஏசாயா அதற்குச் சொன்ன படிமம் தண்ணீரைப் பற்றியது. மெதுவாக ஓடும் சீலோவாம் ஓடை உங்களுக்குப் போதவில்லை, ஆகவே ஐபிராத்து ஆறே கரைபுரண்டு வந்து கழுத்தளவு நிற்கப்போகிறது என்றார். வெள்ளத்தைப் பற்றி இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் கோலாலம்பூரைத் துடைத்துவிட்டுப் போன பிறகு, பலகையும் அத்தாப்பும் போதும், இனிச் செங்கல்லில் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்டு சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டதால் எழுந்த சூளைகளின் பெயரைத்தான் இந்த வட்டாரம் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அசீரிய மன்னர்களும் செங்கல் பிரியர்கள். செங்கற்களிலும் தங்கள் பெயரைப் பதித்துக்கொண்டார்கள்.

யார் இந்த அசீரியர்கள்? இன்றைய வட இராக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்தவர்கள். கி.மு. 745இல் திகிலாத்பிலேசர் ஆட்சிக்கு வந்தபிறகு அவர்கள் படை வருடாந்தரப் பயிரைப் போல அறுவடைக்குப் புறப்பட்டது. கப்பம் கட்டு, கட்டத் தவறினால் ஆளுநர் வருவார், கலகம் செய்தால் ஊரே பெயர்க்கப்படும். ஊர் பெயர்ப்பது அவர்களுக்கு ஆத்திரத்தில் செய்த காரியமில்லை, நிர்வாகம். ஓரிடத்து மக்களை இன்னோரிடத்தில் நட்டு, அங்கே இருந்தவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக, மாட்டு வண்டியோடு, மூட்டை முடிச்சோடு. வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் வேரோடு இருக்கக்கூடாது. கி.மு. 722இல் வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தது. அங்கிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாக இரண்டாம் சர்கோன் கணக்கு எழுதி வைத்திருக்கிறான். வட இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்கள் அத்தோடு வரலாற்றிலிருந்து கரைந்தன.

தீர்க்கதரிசி ஆமோஸ் இதை முன்கூட்டியே உணர்ந்தவர். எபிரேய மூலத்தில் அவர் அசீரியாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தமஸ்குவுக்கு அப்பால் போவீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்னொரு தீர்க்கதரிசியான ஓசியா பெயர் சொல்லியே பேசினார். ஒரு நாள் எகிப்தைக் கூப்பிட்டு மறுநாள் அசீரியாவிடம் ஓடும் தம் நாட்டை அறிவில்லாத புறாவோடு ஒப்பிட்டார். ஆனால் பேரரசு என்பது என்ன என்று உட்கார்ந்து யோசித்தவர் ஏசாயாதான்.

அவருடைய நூலின் பத்தாம் அதிகாரத்துக்கு வருகிறேன். அசீரியா பிரம்பு என்கிறார். ஏழையின் வழக்கைப் புரட்டி விதவையின் சொத்தைச் சுருட்டும் ஒரு நாட்டைத் தண்டிக்க அனுப்பப்பட்ட பிரம்பு. கவனியுங்கள், தம் மக்களை அவர் அப்பாவிகளாகக் காட்டவில்லை. அதே மூச்சில் அடுத்ததைச் சொல்கிறார். பிரம்புக்குத் தான் பிரம்பு என்று தெரியவில்லை. என் கைவலிமை, என் புத்தி, என் படை, குருவிக்கூட்டில் முட்டை பொறுக்குவதுபோல் உலகத்தைப் பொறுக்கினேன் என்று அது பேசிக்கொண்டிருக்கிறது. கோடரி தன்னை ஓங்கும் கையைவிடத் தான் பெரியவன் என்று நினைத்தால் எப்படியிருக்கும் என்று கேட்கிறார். வேலை முடிந்ததும் கோடரிக்கும் தண்டனை உண்டு என்று முடிக்கிறார்.

அந்தப் பெருமைப் பேச்சை ஏசாயா கற்பனையில் எழுதவில்லை. அசீரிய நகரங்களான நினிவேயிலும் காலாவிலும் தோண்டியெடுத்த கல்வெட்டுகளைப் படித்தால், மலைகளை ஏறினேன், மரங்களை வெட்டினேன், எல்லைகளை அழித்தேன் என்று மன்னர்கள் இதே தொனியில்தான் பேசுகிறார்கள். அசீரியாவின் அரசாங்கப் பிரசாரம் எருசலேம் வரை எட்டியிருந்தது, ஏசாயா அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தார், கேட்டதைத் திருப்பி அதன்மேலேயே எறிந்தார் என்று 1980களிலிருந்து ஆய்வாளர்கள் காட்டி வருகிறார்கள்.

இப்போது ரப்சாக்கேயின் வாதத்தைப் பக்கத்தில் வையுங்கள். கடவுள்தான் அனுப்பினார் என்பதுவரை இருவரும் ஒன்று. தூதன் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறான். தீர்க்கதரிசி அங்கே தொடங்குகிறார். ஜெயித்தவன் தன் வெற்றிக்குத் தானே பொருள் சொல்லிக்கொள்ளும் உரிமையை அவர் பிடுங்கிக்கொள்கிறார். எருசலேமிடம் படை இல்லை, பணம் இல்லை. அந்த ஒன்றுதான் இருந்தது.

இப்படிப் பேசியவரை ஊர் கொண்டாடியிருக்கும் என்று நினைக்காதீர்கள். கி.மு. 711இல் சர்கோனின் படைத்தலைவன் அஸ்தோத்தைப் பிடித்த காலத்தில், ஏசாயா மூன்று ஆண்டுகள் ஆடையும் செருப்பும் இல்லாமல் எருசலேமில் நடமாடினார். எகிப்தை நம்பி எழுந்தால் இப்படித்தான் இழுத்துப் போகப்படுவீர்கள் என்பதற்கு அது சாட்சி. அரசகுலத்தாரோடு பழகிய ஒரு பெரிய மனிதர், மூன்று ஆண்டுகள்! பைத்தியம் என்று பேசியிருப்பார்கள். அந்தப் பகுதியில்தான் சர்கோனின் பெயர் விவிலியத்தில் ஒரே ஒரு தடவை வருகிறது. 1843இல் பிரெஞ்சுக்காரர் போத்தா கோர்சாபாத்தில் மண்ணைக் கிளறி அவனுடைய அரண்மனையையே கண்டெடுத்தார்.

அந்தச் சர்கோன் கி.மு. 705இல் போர்க்களத்தில் செத்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யப்படாத மன்னனைப் பாதாளத்து ஆவிகள் எழுந்து நின்று கேலியாக வரவேற்கும் பாடலொன்று ஏசாயா நூலின் பதினான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. தலைப்பில் பாபிலோன் மன்னன் என்று இருந்தாலும், முதலில் சர்கோனை மனத்தில் வைத்துப் பாடியது என்று கருதும் அறிஞர்கள் பலர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

சர்கோன் செத்ததும் எசேக்கியா கலகம் செய்தான். சர்கோனின் மகன் சனகெரிப் பதிலடிக்கு வந்தான். 46 அரணுள்ள நகரங்களைப் பிடித்ததாகவும் 200,150 பேரைக் கொண்டுபோனதாகவும் சனகெரிப் களிமண் பட்டகத்தில் எழுதினான். அதில் ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண்ணிக்கை ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம், அரசாங்கக் கணக்குதானே. லாகீஸ் நகரத்தை அவன் பிடித்த காட்சி நினிவே அரண்மனையின் ஓர் அறை முழுக்கக் கல்லில் செதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பலகைகளும் அதே அருங்காட்சியகத்தில்தான் உள்ளன. லண்டன் போகிறவர்கள் பார்க்காமல் வராதீர்கள். மதிலை நோக்கி மண் சாய்தளம் ஏறுகிறது, கழுவேற்றிய உடல்கள் தொங்குகின்றன, மாட்டு வண்டியில் பெண்களும் சிறு பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகிறார்கள். சிம்மாசனத்தில் சனகெரிப். அவன் முகத்தை மட்டும் பண்டைக் காலத்திலேயே யாரோ சிதைத்திருக்கிறார்கள்.

எருசலேம் விழவில்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவையாக அடைத்தேன் என்ற பொருளில் சனகெரிப் பெருமை பேசுகிறான். நகரத்தைப் பிடித்தேன் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரே இரவில் 185,000 பேர் மாண்டார்கள் என்ற விவிலியக் கணக்கை வைத்து வாதாட எனக்கு ஆர்வமில்லை. முப்பது தாலந்து பொன் கொடுத்தான் எசேக்கியா என்று அரசர்களின் நூலும் அசீரியக் கல்வெட்டும் ஒரே தொகையைச் சொல்வது எனக்கு அதைவிடச் சுவையான செய்தி. அதற்காக ஆலயக் கதவுகளின் பொன்தகட்டை உரித்தான். ஏசாயாவின் நூலில் இந்தக் கப்பத்தைப் பற்றி மூச்சே இல்லை.

தப்பித்த நகரம் மொட்டை மாடிகளில் ஏறிக் கூத்தாடியது. ஏசாயா அழுதார். என்னைத் தேற்ற வராதீர்கள் என்றார். நகரத்து வீடுகளை எண்ணிப் பார்த்து, இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு மதிலைப் பலப்படுத்தினீர்கள் என்று அவர் குற்றஞ்சாட்டிய மதிலை 1970களில் அவிகாத் என்ற தொல்லியலாளர் எருசலேமில் வெளிக்கொணர்ந்தார். ஏழு மீட்டர் அகலம். அடியில், இடிபட்ட வீடுகளின் சுவர்கள். யாருடைய வீடுகள் இடிபட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் எசேக்கியாவின் மகன் மனாசே வாலைச் சுருட்டிக்கொண்டு அசீரியாவுக்கு அடங்கிப்போனான். அசீரிய மன்னன் எசரத்தோன் நினிவேயில் அரண்மனை கட்டியபோது மரமும் கல்லும் அனுப்பிய சிற்றரசர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. கி.மு. 672இல் எசரத்தோன் தன் கீழிருந்தவர்களிடம் வாங்கிய விசுவாசப் பிரமாணத்தின் படிகளும் கிடைத்திருக்கின்றன. மன்னனின் வாரிசை உயிர்போல் நேசிக்க வேண்டும், அவனுக்கு எதிராக எவன் பேசினாலும், உடன்பிறந்தவனே ஆனாலும், காட்டிக்கொடுக்க வேண்டும், தவறினால் இன்னின்ன சாபம். இந்த அமைப்பும் சாபங்களின் வரிசையும் உபாகம நூலில் எதிரொலிக்கின்றன. அங்கே மன்னன் இருந்த இடத்தில் கடவுள் இருக்கிறார். பேரரசன் கேட்ட முழு விசுவாசத்தை அவனுக்குக் கொடுக்காமல் வேறிடத்தில் வைத்துவிட்டார்கள். பேரரசின் பத்திரத்திலேயே பேரரசுக்கு எதிரான சாசனத்தை எழுதிய துணிச்சல் அது.

கி.மு. 612இல் மேதியரும் பாபிலோனியரும் சேர்ந்து நினிவேயைத் தரைமட்டமாக்கினார்கள். தீர்க்கதரிசி நாகூமின் சின்ன நூல் முழுக்க அந்த வீழ்ச்சியின் கொண்டாட்டம். சாட்டைச் சத்தமும் சக்கரச் சத்தமும் கேட்கும் கவிதை அது. நாகரிகமானவர்கள் அதைப் படித்து முகம் சுளிப்பதுண்டு. நான் சுளிப்பதில்லை. மிதிபட்டவனுக்கு மகிழ உரிமை உண்டு.

நம் கிள்ளானை எண்ணிப் பாருங்கள். 1941 தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைக்கோ கிராணிக்கோ எதிரே சைக்கிளில் போகும்போது இறங்காமல் போகலாம் என்ற உரிமை. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது. சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரைகள் லாரி ஏறி ஓடுவதைத் தோட்டமே நின்று பார்த்தது. மகிழாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆசியா ஆசியருக்கே என்று வந்தவன் சொன்னான். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிப் பதினாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோய், சயாம், பர்மா காடுகளில் 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் பலியிட்டான். ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் நாவலைப் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள்.

நாகூமின் மகிழ்ச்சிக்கும் ஆயுள் குறைவு. நினிவே விழுந்து பதினைந்தே ஆண்டுகளில், கி.மு. 597இல், பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எருசலேமின் முதல் கூட்டத்தைச் சிறைபிடித்துப் போனான். அடுத்த பத்தாண்டு வாக்கில் நகரமும் ஆலயமும் எரிந்தன. இந்தப் பாபிலோனியர் எழுந்து வருவதைப் பார்த்துத்தான் தீர்க்கதரிசி ஆபகூக் கடவுளிடமே சண்டைக்குப் போனார். எங்கள் அக்கிரமத்தைத் திருத்த எங்களைவிடக் கொடியவனை அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்டார். ஏசாயாவின் பிரம்புக் கோட்பாட்டில் இருந்த ஓட்டையை அவர் விரலை வைத்தே காட்டிவிட்டார். எரேமியாவுக்கு வந்த தொல்லை வேறு. கி.மு. 701இல் தப்பியதை நம்பி, ஆலயம் இருக்கும்வரை ஊர் விழாது என்று மந்திரம்போல் ஓதிக்கொண்டிருந்தவர்களோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஏசாயாவின் காலத்து மீட்சி அவருடைய பேரன்மார் காலத்தில் மிதப்பாகிவிட்டது. பேரரசைப் போலவே அவர்களும் தங்கள் வெற்றிக்குத் தாங்களே பொருள் சொல்லிக்கொண்டார்கள். அதையும் பறிக்கப்போனதற்காக எரேமியா அடிபட்டார், சேற்றுக் கிணற்றில் இறக்கப்பட்டார்.

முடிக்குமுன் யோனாவைச் சொல்ல வேண்டும். மீன் விழுங்கிய கதையாக ஞாயிறு பள்ளியில் சொல்லி அந்த நூலை வீணடித்துவிட்டோம். நினிவே அழிந்து வெகுகாலத்துக்குப் பிறகு எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அசீரியா என்றால் என்ன என்று தெரிந்த வாசகர்களிடம், அந்த நினிவே மனந்திரும்பியது, மாடுகள்கூட இரட்டு உடுத்தி நோன்பிருந்தன, கடவுள் மன்னித்தார், அதனால் தீர்க்கதரிசி கோபித்துக்கொண்டார் என்று ஒருவர் கதை எழுதுகிறார். எவ்வளவு நெஞ்சுரம்! நாகூமும் கேள்வியில் முடிகிறது, யோனாவும் கேள்வியில் முடிகிறது. உன் கொடுமை யாரைத்தான் விட்டது என்று நாகூம் அசீரிய மன்னனைக் கேட்கிறார். வலக்கை இடக்கை தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரும் அத்தனை கால்நடைகளும் இருக்கும் ஊருக்காக நான் இரங்கக்கூடாதா என்று யோனாவைக் கடவுள் கேட்கிறார். இரண்டையும் ஒரே கட்டில் வைத்துத் தைத்தவர்கள் ஒன்றை எடுத்துப்போட்டிருக்கலாம். போடவில்லை.

யூனுஸ் நபியாக யோனா நம் மலாய் அண்டை வீட்டாருக்கும் தெரிந்தவர். அவருடைய ஊர் மக்கள் கடைசி நேரத்தில் நம்பித் தப்பித்ததைக் குர்ஆனும் குறிப்பிடுகிறது. இதே பிரிக்பீல்ட்ஸில் மலையாளிகளின் ஆர்த்தடாக்ஸ் சிரியன் தேவாலயம் இருக்கிறது. அவர்கள் தவக்காலத்துக்கு முன்னால் மூன்று நாள் நோன்பு பிடிப்பார்கள். மூன்னு நோம்பு என்பார்கள். நினிவே மக்கள் இருந்த நோன்பு அது. கேரளத்துக் குறவிலங்காட்டில் அந்த நாள்களில் யோனாவின் கப்பலையே ஊர்வலமாகத் தோளில் ஆட்டிக்கொண்டு போவார்கள். இந்த நோன்பு அவர்களுக்கு மேற்காசியச் சிரியக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. அந்தச் சிரியக் கிறிஸ்தவர்களுள் ஒரு பகுதியினர் நினிவேச் சமவெளியிலேயே வாழ்ந்து, தங்களை இன்றும் அசீரியர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

2014 ஜூலையில் ஐஎஸ் இயக்கத்தினர், பழைய நினிவேயின் இடமான மோசூலில், யோனாவின் சமாதி என்று போற்றப்பட்ட பள்ளிவாசலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில வாரங்களில் நினிவேச் சமவெளியின் கிறிஸ்தவ ஊர்களும் காலியாயின, அந்த அசீரியர்கள் கையில் கிடைத்ததோடு ஓடினார்கள். பின்னர் மோசூல் மீட்கப்பட்டபோது, சமாதிக்கு அடியில் கொள்ளையர் தோண்டிய சுரங்கங்களுக்குள் தொல்லியலாளர்கள் இறங்கினார்கள். உள்ளே இருந்தது எசரத்தோனின் அரண்மனை. மனாசே மரமும் கல்லும் அனுப்பியது அந்த மன்னனின் கட்டுமானங்களுக்குத்தான்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்.